வீட்டுக்குத் தகவல் சேர வாட்ஸ்அப் குரூப் ஒன்று போதாதா?

ஈராசிரியர் · 11.06.2024 · மாலை 5.40

ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி. 47 பிள்ளைகள், நானும் இன்னொரு டீச்சரும். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் 38 எண் இருக்கிறது. வருகிற சுற்றறிக்கை எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுகிறோம். இனி நோட்டீஸ் துண்டு, ஆள் விட்டுக் கூப்பிடுவது எல்லாம் தேவையில்லை என்கிறேன் நான். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி?

சாக்பீஸ் · 11.06.2024 · இரவு 9.15

டீச்சர் சொல்வதுதான்.

38 எண் என்பது 38 வீடு ஆகாது. அக்கா தம்பியாகப் படிக்கிறவர்களைக் கழித்து முதலில் எத்தனை வீடு என்று பாருங்கள். பிறகு ஒரு நீள நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி, நான்கு கட்டம்: எண் யாருடையது, அந்த போன் எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும், அதில் தமிழ் வாசிக்கிறவர் யார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர் யார். முதல் கட்டத்தில் ‘அப்பா, திருப்பூர்’ என்றும் கடைசியில் ‘அம்மாச்சி’ என்றும் வந்தால் உங்கள் செய்தி திருப்பூருக்குப் போகிறது, பிள்ளையின் தலையை வாருவது அம்மாச்சி. அந்த வீட்டுக்கு குரூப் இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

கல்வித் துறையின் மாணவர் பதிவேடான இமிஸில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். சேர்க்கை அன்று கூட வந்தவருடைய எண், இ-சேவை மையக்காரர் எண், பக்கத்து வீட்டு எண் எல்லாம் அதில் உண்டு. பயன்படுத்தாமல் 90 நாள் கிடக்கும் சிம்மை கம்பெனி துண்டித்துவிடும், கொஞ்ச நாள் கழித்து அதே எண் வேறு ஊர்க்காரர் கைக்குப் போகும். நீங்கள் அவருக்கு ‘உங்கள் பிள்ளைக்குக் காலணி அளவு என்ன’ என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பருவத்துக்கு ஒரு தடவை, புத்தகம் கொடுக்கும் நாளில், எல்லா எண்ணையும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள். முப்பருவ முறையால் இந்த ஒரு லாபம் உண்டு, வருடத்துக்கு மூன்று தடவை பெற்றோர் கையெழுத்துப் போட வருகிறார்கள்.

சாக்பீஸ் · 12.06.2024 · காலை 6.50

குரூப்பை மூடச் சொல்லவில்லை. ஒழுங்காக வையுங்கள்.

அட்மின் மட்டும் செய்தி போடலாம் என்று அமைப்பில் மாற்றுங்கள். இல்லையென்றால் ரோஜாப்பூ குட்மார்னிங் பதினான்கு, நடுவில் உங்கள் தடுப்பூசிச் செய்தி ஒன்று. சுற்றறிக்கையை அப்படியே ஃபார்வர்ட் செய்யாதீர்கள். ‘மேற்காண் பொருள் சார்ந்து அனைத்துப் பெற்றோரும் தவறாது கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பது பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) அலுவலகத்துக்கும் உங்களுக்கும் இடையிலான பாஷை. வீட்டுக்கு இப்படிப் போகட்டும்:

‘ஒன்றாம், இரண்டாம் வகுப்பு மட்டும். ஜூன் 14, வெள்ளி, காலை 10 மணி. நம் பள்ளியில் ஆதார் முகாம். பிள்ளையின் ஆதார், அம்மா அல்லது அப்பாவின் ஆதார், இரண்டும் அசல். ஐந்து வயது முடிந்த பிள்ளைக்குக் கைரேகை, கண் பதிய வேண்டும். காசு கிடையாது.’

எந்த வகுப்பு என்பதுதான் முதல் வரி. நாலாம் வகுப்பு அப்பா அத்தோடு போனைக் கீழே வைக்கலாம். ‘அசல்’ என்று எழுதாவிட்டால் ஜெராக்ஸ் வரும். ‘காசு கிடையாது’ என்று எழுதாவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள், கேட்கவும் கூச்சப்படுவார்கள்.

இதையே உங்கள் குரலில் 30, 40 வினாடி பேசிப் போடுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிற அம்மாவும் குரலைக் கேட்டுவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு செய்தி, மாலை 6 முதல் 7.30-க்குள். போன் வேலையிலிருந்து வீடு திரும்பியிருக்கும், சீரியல் இன்னும் சூடுபிடித்திருக்காது.

சாக்பீஸ் · 12.06.2024 · காலை 7.05

விட்டது. செய்தியை அழுத்திப் பிடித்து ‘தகவல்’ பார்த்தால் யாருக்குப் போனது, யார் பார்த்தார் என்று பெயரோடு வரும். நீலக் குறியை அணைத்து வைத்திருப்பவர்கூட குரூப்பில் தப்ப முடியாது. மறுநாள் காலை வரை ‘போய்ச் சேரவில்லை’ என்று நிற்கும் எண்களைத்தான் துண்டுச் சீட்டு துரத்த வேண்டும்.

உதவிபெறும் பள்ளி · 12.06.2024 · இரவு 8.30

குரூப்பில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது. அம்மாக்களுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது என்று புகார். அதனால் நாங்கள் பிராட்காஸ்ட் லிஸ்டுக்கு மாறிவிட்டோம். அதையே சொல்லலாமே?

சாக்பீஸ் · 12.06.2024 · இரவு 10.00

சொல்லலாம், ஒரு ஓட்டை உண்டு. உங்கள் எண்ணை யார் போனில் சேமித்து வைத்திருக்கிறாரோ அவருக்குத்தான் பிராட்காஸ்ட் போகும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்கும் பளிச்சென்று தெரியாது. சேர்க்கை நாளில் பெற்றோர் போனை வாங்கி நீங்களே ‘பள்ளிக்கூடம்’ என்று சேமித்துக் கொடுத்தால் இது சரியாக வேலை செய்யும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை, சின்னப் பள்ளிக்கு ஏராளம். கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவிலும் உறுப்பினர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. எண் தொல்லை என்று புகார் வந்துவிட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

நாலாம் வகுப்பு அம்மா · 15.06.2024 · பகல் 1.20

வாட்ஸ்அப் பற்றியே பேசுகிறீர்கள் சார். எங்கள் தெருவில் பட்டன் போன்தான் பாதி. பாட்டிக்கு யார் சொல்வது?

சாக்பீஸ் · 15.06.2024 · இரவு 9.40

சரியான கேள்வி அம்மா. அதற்குத்தான் துண்டுச் சீட்டு.

ஏ4 தாளை எட்டாக மடித்து வெட்டினால் 6 தாளில் 48 துண்டு. 47 பிள்ளைக்கு 47, மிச்சம் ஒன்று கதவில் ஒட்ட. ஒரு தாளில் அதே செய்தியை எட்டு தடவை எழுதி ஆறு ஜெராக்ஸ், அவ்வளவுதான் செலவு.

செலவைவிடப் பெரிய சிக்கல், துண்டு வீடு வரை போவது. கையில் கொடுத்தால் பள்ளி வாசலிலேயே ராக்கெட் ஆகும். சட்டைப் பையில் வைத்தால் துவைக்கும்போது கூழாகும். அன்று வீட்டுப்பாடம் எழுதிய தமிழ் நோட்டின் பக்கத்தில் மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஸ்டேப்ளர் வேண்டாம், பின்னைப் பிடுங்கி வாயில் வைக்கும். துண்டின் கீழே ஒரு விரல் அகலத்துக்குக் கோடு போட்டு ‘பார்த்தேன்’ என்று ஓர் இடம் விடுங்கள், கையெழுத்தோ கைநாட்டோ. மறுநாள் வருகை எடுக்கும்போதே நோட்டைத் திறந்து பார்த்து, வராத பெயரைக் கரும்பலகை ஓரத்தில் எழுதாமல் உங்கள் நீள நோட்டில் குறியுங்கள். பலகையில் எழுதினால் பிள்ளை தானே கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ளும். ஐந்தாம் வகுப்பில் இந்தக் கலை நன்றாகவே வளரும்.

வாயால் சொல்லி அனுப்புவது மூன்றாம் வகுப்புக்கு மேல்தான். அதுவும் ஒரே ஒரு விஷயம். பிள்ளை வாசலைத் தாண்டும் முன் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

சாக்பீஸ் · 18.06.2024 · இரவு 8.10

பட்டன் போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாமா என்று தனியே ஒருவர் கேட்டிருக்கிறார். அனுப்பலாம், எண்ணி அனுப்புங்கள். தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். 70 குறி வரைதான். அதைத் தாண்டினால் துண்டாகும், ஒரு துண்டுக்கு 67. ஆங்கிலத்துக்கு இது 160. நாம் எழுத்து என்று எண்ணுவதும் போன் எண்ணுவதும் வேறு. ‘பள்ளி’ நமக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து: ப, ள, புள்ளி, ள, இகரக் குறி. ‘நாளை பள்ளி விடுமுறை’ இடைவெளியோடு 19. ‘அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்’ என்று தொடங்கினாலே பாதிக் காசு போச்சு.

பல பிளான்களில் ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ். தான். இரண்டு துண்டுச் செய்தி 47 பேருக்கு என்றால் 94. மொத்தமாக அனுப்பும் சேவை வேண்டுமென்றால் தலைப்பும் வார்ப்புருவும் டி.எல்.டி. என்ற மொத்தச் செய்திப் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். 47 பிள்ளைக்கு அது வேண்டாத வேலை. பட்டன் போன் வீடுகளுக்கு நேராகப் பேசிவிடுவதே மேல்.

ஈராசிரியர் · 24.06.2024 · மாலை 6.00

நீள நோட்டு முடித்துவிட்டோம். 35 வீடு. மாலை 6-க்கு முன் போன் வீட்டில் இல்லாதவை 19. வாசிக்க ஆள் இல்லாதவை 8. டீச்சர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அடுத்த சந்தேகம். எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தைப் பிற்பகல் 3 மணிக்கு வைத்தால் யாருமே வருவதில்லை. அக்கறை இல்லையா?

சாக்பீஸ் · 24.06.2024 · இரவு 9.30

நூறு நாள் வேலையில் காலையிலும் பிற்பகலிலும் ஆக இரண்டு தடவை போட்டோ எடுத்து வருகையைப் பதிகிறார்கள். 3 மணிக்கு உங்கள் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகும். இதில் அக்கறை எங்கே வந்தது? கூட்ட நாள் மேலிருந்து வருகிறது, மாற்ற முடியாது, சரி. பணித்தளப் பொறுப்பாளரிடம் முந்தின நாளே பேசுங்கள், பிற்பகல் பதிவு முடிந்த கையோடு வருகிறவர்கள் வரட்டும். வர முடியாத வீட்டுக்குக் கூட்டத்தில் முடிவானதை மறுநாள் துண்டில் மூன்று வரி. தீர்மானத்தை அப்படியே எழுத வேண்டாம். ‘கழிப்பறைக் கதவு மாற்ற ஊராட்சியைக் கேட்டிருக்கிறோம். சுற்றுச்சுவர் அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கிறோம். அன்று வாருங்கள்.’ கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை, அதில் மே 1 தவிர ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22 ஐந்தும் பள்ளி நடக்கும் மாதங்களில் வருகின்றன.

சாக்பீஸ் · 05.07.2024 · இரவு 10.20

அரும்பு, மொட்டு, மலர் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன். கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

அடிப்படை வாசிப்பு, கணக்குக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் 4, 5-க்கும் வந்தது. பிள்ளையின் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படிநிலை. பெற்றோர் காதில் இது எப்படி விழுகிறது என்று யோசித்தீர்களா? ‘உங்கள் பையன் அரும்பு’ என்றால் ஒரு அம்மா சந்தோஷப்படுகிறார், பெயர் அழகாக இருக்கிறது. இன்னொருவருக்கு யாரோ ‘அரும்பு என்றால் மக்கு’ என்று சொல்லிவிடுகிறார்கள், வீட்டில் அடி விழுகிறது.

படிநிலைப் பட்டியலை குரூப்பில் போடாதீர்கள், பலகையிலும் ஒட்டாதீர்கள். பெயரைச் சொல்லாமல் பிள்ளை செய்வதைக் காட்டுங்கள். ஒரு சீட்டில் ஐந்து சொல்: மரம், பாட்டி, கிளி, பூனை, தேங்காய். அம்மா முன்னால் பிள்ளை வாசிக்கட்டும். ‘மரம்’ வந்துவிட்டது, ‘தேங்காய்’ வரவில்லை என்றால் ‘கால் போட்ட எழுத்து வந்துவிட்டது, கொம்பு இன்னும் வரவில்லை. வீட்டில் கடைப் பலகையில் கொம்பு எழுத்து கண்ணில் பட்டால் வாசிக்கச் சொல்லுங்கள்’ என்று முடித்துக்கொள்ளுங்கள். இரண்டே நிமிடம். வீட்டில் செய்ய ஒரு வேலை கொடுத்தாயிற்று, அதுவும் செலவில்லாத வேலை.

நாலாம் வகுப்பு அம்மா · 06.07.2024 · காலை 9.10

சார், ‘மரம்’ என்பதில் கால் எங்கே இருக்கிறது? 🙂

சாக்பீஸ் · 06.07.2024 · இரவு 7.45

இல்லைதான். ‘பாட்டி’யில்தான் கால். கரும்பலகையில் இப்படி எழுதியிருந்தால் மூன்றாம் வகுப்பே கை தூக்கியிருக்கும். திருத்தம்: ‘பாட்டி’ வந்து ‘தேங்காய்’ வரவில்லை என்றால்.

உதவிபெறும் பள்ளி · 16.07.2024 · மாலை 4.30

நேற்று முதல் எங்களுக்கும் காலை உணவு. ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. வீட்டுக்கு என்ன சொல்ல வேண்டும்?

சாக்பீஸ் · 16.07.2024 · இரவு 9.00

முதலில் நேரம். ‘காலை உணவு உண்டு’ என்று மட்டும் சொன்னால் பிள்ளை வழக்கம் போல 9 மணிக்கு வரும், பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். ‘இத்தனை மணிக்குள் பள்ளியில் இருக்க வேண்டும்’ என்று சொல்லுங்கள். இரண்டாவது, முதல் வாரம் வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு வந்து இங்கேயும் சாப்பிட்டு வயிறு வலிக்கும். ‘வீட்டில் பால், டீ மட்டும் போதும்’ என்று ஒரு வரி. மூன்றாவது, ஒவ்வாமை. வேர்க்கடலையோ பருப்போ ஆகாத பிள்ளை இருந்தால் எழுதிக் கொடுக்கச் சொல்லி, அந்தப் பெயரைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஒரு கொசுறு. அரசுப் பள்ளிகளில் சமைக்கிற அக்காக்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர், அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மாவாகவும் இருப்பார்கள். எந்த வீட்டில் யார் ஊருக்குப் போயிருக்கிறார், எந்த போன் ரிப்பேர் என்பது அவர்களுக்கு அத்துப்படி. இமிஸ் எல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.

சாக்பீஸ் · 06.08.2024 · இரவு 8.50

ஆகஸ்ட் வந்துவிட்டது, பூச்சி மாத்திரை. சொல்லாமல் கொடுத்தால் மாலையில் வாசலில் பத்து பேர் நிற்பார்கள். சொல்லிவிட்டால் மறுநாள் பாதி வகுப்பு லீவு. இரண்டுக்கும் நடுவே சொல்ல வேண்டும்.

முந்தின நாள் துண்டில்: ‘அல்பெண்டசோல் 400 மி.கி., ஒரு மாத்திரை. மென்று தின்ன வேண்டும். காய்ச்சலோ வேறு நோயோ இருந்து மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு இப்போது கொடுக்கமாட்டோம், எழுதி அனுப்புங்கள். விடுபட்டவர்களுக்கு அடுத்த வாரம் உண்டு.’ அன்று மாலை குரல் செய்தியில்: ‘வயிற்றில் புழு அதிகம் இருந்த பிள்ளைக்கு லேசாகக் குமட்டல், வயிற்று வலி வரலாம், கொஞ்ச நேரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.’ எண் யாருடையது என்றும் சொல்லுங்கள், கிராம சுகாதார செவிலியருடையதா உங்களுடையதா என்று.

இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் ‘மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்’ என்பதை மறக்கவே கூடாது. இந்த ஒரு வரி விட்டுப் போனதால் குப்பையில் விழுந்த மாத்திரைகளுக்குக் கணக்கே இல்லை.

ஈராசிரியர் · 12.08.2024 · இரவு 7.00

எஸ்.எம்.சி. மறுகட்டமைப்பு முடிந்தது, 24 பேர். இவர்களை வைத்தே தகவல் அனுப்பலாமா?

சாக்பீஸ் · 12.08.2024 · இரவு 9.20

அதற்குத்தானே இருக்கிறார்கள். 24-இல் முக்கால் பங்கு, அதாவது 18 பேர், பெற்றோர். உங்களுக்கு 35 வீடு, ஆளுக்கு இரண்டு வீடு கணக்கு. தெருவாரியாகப் பிரியுங்கள், சொந்தக்காரர் வாரியாகப் பிரிக்காதீர்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டை ஒருவர் தலையில் கட்டினால் தகவல் அந்தத் திண்ணையோடு நின்றுவிடும். காலனிப் பக்கத்துக்கு அந்தப் பக்கத்து உறுப்பினரே போகட்டும் என்று விட்டுவிடாமல், ஊரில் இருந்து ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள். தண்டோராவை 2022-லேயே நிறுத்தச் சொல்லியாகிவிட்டது, யாராவது கூட்டத்தில் அந்த யோசனையைச் சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் இவர்கள் வழியாகப் போகவே கூடாது: தனிப் பிள்ளை பற்றிய எதுவும். மதிப்பெண், பேன், படுக்கையில் சிறுநீர், அப்பா குடிக்கிறார் என்று பிள்ளை சொன்னது, இவையெல்லாம் ஆசிரியருக்கும் அந்த வீட்டுக்கும் இடையில்.

சாக்பீஸ் · 29.08.2024 · இரவு 10.40

பிள்ளை விழுந்து அடிபட்டால். குரூப் கிடையாது, துண்டு கிடையாது, போன்தான். பெரிய அடி என்றால் முதல் அழைப்பு 108, இரண்டாவது வீட்டுக்கு.

சொல்லும் வரிசை முக்கியம். ‘பள்ளிக்கூடத்திலிருந்து பேசுகிறேன், பதற்றப்படாதீர்கள்’ என்று தொடங்கினால் பதறத்தான் செய்வார்கள். இப்படி: ‘மூன்றாம் வகுப்பு டீச்சர் பேசுகிறேன். பையன் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், பேசுகிறான். விளையாடும்போது விழுந்து நெற்றியில் கீறல். கழுவித் துணி கட்டியிருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறோம், நேராக அங்கே வாருங்கள்.’ பிள்ளை பேசும் நிலையில் இருந்தால் போனைக் கொடுத்து ஒரு வார்த்தை பேசவிடுங்கள். பேசும் நிலையில் இல்லை என்றால் ‘நன்றாக இருக்கிறான்’ என்று பொய் சொல்லாதீர்கள், ‘108 வந்துகொண்டிருக்கிறது, நான் கூடவே போகிறேன்’ என்பது போதும்.

பள்ளிக்கே வராத பிள்ளைக்கும் போன்தான். 9.30-க்குள் வரவில்லை, சொல்லியும் அனுப்பவில்லை என்றால் முதல் எண், இரண்டாம் எண், பக்கத்து வீடு, இந்த வரிசை. ‘ஏன் அனுப்பவில்லை’ என்று கேட்காமல் ‘வீட்டில்தானே இருக்கிறாள்?’ என்று கேளுங்கள். இல்லை, கிளம்பிவிட்டாளே என்று பதில் வந்தால் அந்த நொடி பாடத்தை நிறுத்திவிட்டு ஒருவர் வெளியே போக வேண்டும்.

சாக்பீஸ் · 15.10.2024 · காலை 8.20

மழை. வடக்கு மாவட்டங்கள் சிலவற்றுக்கு இன்று விடுமுறை. வழக்கம் போலப் பழைய ஸ்கிரீன்ஷாட்டுகளும் நேற்று இரவே சுற்றத் தொடங்கிவிட்டன. மூன்றைப் பாருங்கள்: வருடம், மாவட்டப் பெயர், பள்ளியா கல்லூரியா. விடுமுறை விடுவது கலெக்டர், அவர் பக்கத்தில் பார்த்த பிறகே நீங்களே தட்டச்சு செய்து போடுங்கள், படத்தை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். பெற்றோருக்கும் முன்னால், முதல் போன் காலை உணவு அக்காவுக்கு. பெற்றோர் எழும் முன்பே அவர் ரவையை வறுத்திருப்பார்.

உதவிபெறும் பள்ளி · 15.10.2024 · காலை 8.45

‘நாளை பள்ளி விடுமுறை’ என்று உங்கள் உதாரணத்தையே இரவு 11-க்கு அனுப்பினேன். காலையில் எழுந்து பார்த்தவர்கள் நாளை என்றால் புதன் என்று எடுத்துக்கொண்டு இன்று அனுப்பிவிட்டார்கள். ஏழு பிள்ளைகள் நனைந்துகொண்டு வாசலில்.

சாக்பீஸ் · 15.10.2024 · காலை 9.05

என் தப்பு. அந்த 19 எழுத்து உதாரணத்தைக் கிழித்துப் போடுங்கள். இன்று, நாளை என்ற சொற்களே செய்தியில் வேண்டாம். ‘15.10 செவ்வாய் பள்ளி இல்லை.’ முற்றுப்புள்ளி நீங்கலாக 26 குறி, 70-க்குள் தாராளம். ஏழு பேரையும் உள்ளே உட்கார வைத்து வீட்டுக்குப் போன் போடுங்கள், ‘வீட்டுக்குப் போ’ என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வீடு பூட்டியிருக்கலாம்.

சாக்பீஸ் · 15.11.2024 · இரவு 8.00

நேற்றைய குழந்தைகள் தினப் படங்களை ஸ்டேட்டஸில் பார்த்தேன். முகம், பெயர்ப் பலகை, ஊர் மூன்றும் ஒரே படத்தில். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். சேர்க்கைப் படிவத்தோடு ஒரு வரி கேட்டு வாங்கிவிடுங்கள்: பள்ளிக்குள் காட்டலாமா, குரூப்பில் போடலாமா, வெளியே போடலாமா, மூன்று கட்டம். ‘வேண்டாம்’ என்ற பிள்ளையைப் படம் எடுக்கும்போது ஓரமாக நிற்கச் சொல்லாதீர்கள். எல்லாரையும் முதுகுப் பக்கமிருந்து எடுங்கள், கோலாட்டத்துக்கு அதுவே அழகு.

ஈராசிரியர் · 20.11.2024 · மாலை 6.30

ஐந்து மாதக் கணக்கு: துண்டு போனால் 47-இல் 41 கைநாட்டோ கையெழுத்தோ திரும்புகிறது. மீதி ஆறு எப்போதும் அதே ஆறு. நான்கு செங்கல் சூளைப் பிள்ளைகள், வீட்டில் ஒடியா. இரண்டு, பாட்டியோடு இருக்கிறவர்கள்.

சாக்பீஸ் · 20.11.2024 · இரவு 9.10

சூளைக்குத் தமிழ்த் துண்டு போகாது, இந்தியும் உத்தரவாதமில்லை. கடிகார முகம் வரைந்து முள் போடுங்கள், கிழமைக்கு ஏழு கட்டம் போட்டு அன்றைய கட்டத்தைக் கறுப்பாக்குங்கள், கொண்டு வர வேண்டிய பொருளைப் படமாக வரையுங்கள். தமிழ் பேசக் கற்றுவிட்ட அக்கா ஒருத்தி அந்த நாலில் இருப்பாள். அவளை ஒடியாவில் பேசவிட்டுக் குரல் செய்தியாக சூளை மேஸ்திரி போனுக்கு அனுப்புங்கள். பணம், உடல்நலம் சம்பந்தப்பட்டதை மட்டும் பிள்ளை வாயில் விடாமல் மேஸ்திரியை வைத்துக்கொண்டு நேரில்.

பாட்டி இரண்டுக்கும் என் ஜூன் கணக்கைத் திருத்த வேண்டும். எட்டில் ஒன்றாக வெட்டிய துண்டில் எழுத்து பொடியாகத்தான் வரும், கண்ணாடி இல்லாமல் தெரியாது. நாலாக வெட்டுங்கள், இடம் இரண்டு மடங்கு, எழுத்தும் பெரிதாகும். 12 தாள், அதே 48 துண்டு.

ஈராசிரியர் · 20.11.2024 · இரவு 9.25

அந்த இரண்டு வீட்டுக்கு மட்டும் பெரிய துண்டு போதாதா?

சாக்பீஸ் · 20.11.2024 · இரவு 9.30

போதும். ஆனால் எந்த வீட்டுக்குப் பெரிய துண்டு போகிறது என்று பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாருக்கும் பெரிதாகவே கொடுங்கள், கூடுதலாக ஆறு தாள்தானே.